பக்கத்திலிருந்து பார்த்தால் இருட்டு

மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்கும் வரிசைக்கு முன்னால் நடப்பவளுக்குக் கூலி ஒன்றும் கூடுதல் கிடையாது. பொறுப்புதான் கூடுதல்.

பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பு ஓர் ஆள் கால் வைக்கிற அகலம். தலையில் தண்ணீர் சொட்டும் ஈர உப்பு. தலையைக் குனிந்தால் கூடை போய்விடும். பின்னால் வருகிறவளுக்கு முன்னால் போகிறவளின் முதுகு மட்டும்தான் தெரியும். ஆகவே முதல் ஆள் வரப்பைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுக்க வேண்டும். "வழுக்கு" என்றால் கட்டைவிரலை ஊன்றி நட. "உடைப்பு" என்றால் காலை எட்டி வை. "முள்ளு" என்றால் ஒதுங்கு. அந்தச் சொல்லை இரண்டாவது ஆள் வாங்கிப் பின்னால் கொடுப்பாள். அவளிடமிருந்து அடுத்தவள். வால் வரைக்கும் அது போய்ச் சேரும். ஒரு வரிசையே ஒருத்தியின் கண்ணால் நடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கண் கொளஞ்சியம்மாளுடையது.

பெருமுக்கல் பக்கத்துக் கொல்லைகளில் களை வெட்டிக்கொண்டிருந்தவள். கல்யாணம் பண்ணிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாள். வந்த புதிதில் பாதமெல்லாம் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தவள், பிறகு வெடிப்பு இருப்பதையே மறந்துபோனாள். வால் பக்கம் நடந்தவள் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தாள், அப்புறம் முன்னுக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் நடந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் மங்கிக் கரையேறினார்கள், அவ்வளவுதான் அவள் அடைந்த பதவி உயர்வு. கண் மங்கினவளை மேஸ்திரி தனக்கோடி திட்டுவதில்லை, அடிப்பதில்லை. கூடையை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்துவிடுவார். மறுநாள் வரத் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவள் புருசன் செல்லப்பனுக்கு அப்படித்தான் ஆனது. அவன் பாத்தியில் பலகையால் உப்பு வாருகிற ஆள். பகல் முழுக்கக் கீழே வெள்ளை உப்பு, மேலே வெள்ளை வெயில். ஒருநாள் டீக்கடையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் கத்திக் குதித்தார்கள். செல்லப்பனுக்கு டிவிப் பெட்டியில் வெறும் வெள்ளைத் துணி விரித்தாற்போல் இருந்தது. அவனும் சேர்ந்து கத்தினான், குதித்தான், வீட்டுக்கு வந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. பாத்தியும் பலகையும் ஆட்களும் அப்போதெல்லாம் நன்றாகவே தெரிந்தன. பெட்டிப் படம்தான் முதலில் போனது. மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒன்றொன்றாகப் போயிற்று. ஒருநாள் உப்போடு சேர்த்து அடிச்சேற்றையும் அவன் வாரிப்போட, தனக்கோடி பலகையை வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காட்டியபோது, நாள் கடந்துவிட்டது என்றார்கள். இப்போது அவன் வீட்டில் சோறு வடிப்பதோடு சரி.

ஒரே மகள் செந்தமிழ். ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். திண்டிவனத்தில் நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனி கடைசியில் போய்ச் சேர வேண்டும். கொளஞ்சியின் கூடை இறங்கினால் அது செந்தமிழின் தலையில்தான் ஏறும். அந்த வீட்டில் வேறு தலை இல்லை.

இது 2005ஆம் வருசத்துக் கோடை. சுனாமி அலை வந்து போன பிறகு கடலோரம் முழுக்க ஜீப்புகள் ஓடின. துணி கொடுத்தவர்கள், படகு கொடுத்தவர்கள், வெறுமனே போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் என்று பலபேர். எல்லாரும் போன பின்பு மெதுவாக வந்து சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சமுதாயக் கூடத்தில் ஒரு மேசையையும் ஒரு லேப்டாப்பையும் போட்டது. பெண்களின் உடம்புக்கும் மனசுக்கும் என்ன குறை என்று கேட்டுப் பதிவு செய்வது வேலை. அதற்குப் புதுச்சேரியிலிருந்து பிரியதர்ஷினி என்ற பெண் தினமும் பஸ்ஸில் வந்துபோனாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரையில் படங்கள் வரும். தலை, வயிறு, முதுகு, கண். அழுகிற முகம், தூக்கம் வராத முகம், ஓங்கிய கை, பாட்டில். நாற்காலியில் உட்காருகிறவள் படத்தின் மேல் விரலை வைப்பாள். பிரியதர்ஷினி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, தன் கையிலிருந்த மவுஸை அமுக்குவாள்.

ஊர்க்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நிவாரணம் என்ற பெயரில் முன்பு எழுதப்பட்டதெல்லாம் ஒன்று, வந்ததெல்லாம் வேறொன்று என்று சூடு பட்டவர்கள் அவர்கள். அதனால் என்ன பதிவாகிறது என்று கண்ணால் பார்ப்போம் என்றார்கள். பிரியதர்ஷினியும் நல்லதுதானே என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள். இன்னொன்று, எந்தப் பெண்ணும் தனியாக வரமாட்டாள். துணைக்கு ஒருத்தி கூட வந்து, மேசையின் பக்கவாட்டில் கிடக்கும் பெஞ்சில் உட்காருவாள். உப்பளத்துப் பெண்களுக்கு வரப்பில் முன்னால் நடப்பவளே இங்கும் துணை. வேலை முடிந்து, உச்சி வெயிலில், கால் கழுவிய ஈரம் காயாமல் கொளஞ்சி தினமும் யாராவது ஒருத்தியோடு அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கழுத்து வலிக்கும். தூக்கம் கண்ணைச் சொருகும். ஆனாலும் உட்கார்ந்திருந்தாள்.

சுலோசனா வந்த அன்றும் அவள்தான் துணை. வரிசையின் வாலில் நடக்கும் ஒல்லியான பெண் அவள். படங்கள் வந்தன. சுலோசனா பாட்டில் மேல் ஒரு விரலும் ஓங்கிய கை மேல் ஒரு விரலும் வைத்தாள். பக்கத்து பெஞ்சிலிருந்த கொளஞ்சிக்கு அது தெரிந்தது. ஜன்னலில் நின்ற ஆட்களுக்கும் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அது சுலோசனாவின் புருசன் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் அவள் ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு கூடை தூக்க வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் அழுவாள், அழுதால் வரப்பில் நடக்க முடியாது.

பிரியதர்ஷினிக்குச் செய்தி போனது. அடுத்த நாள் காலையில் அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். லேப்டாப்பின் விசைகளுக்கு மேல் ஓரமாக ஒரு சிறிய பொத்தான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த பெட்டி அது, அப்போது புதிதாக வந்திருந்த ரகம். அந்தப் பொத்தானை அமுக்கினால் நேரே உட்கார்ந்திருப்பவருக்கும் அவர் பின்னால் நிற்பவருக்கும் மட்டும் படம் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குத் திரை அணைந்தது போல இருக்கும். மறுபடி அமுக்கினால் எல்லாருக்கும் தெரியும். அன்று காலையில் வந்திருந்த எக்கியார்குப்பத்து மீனவப் பெண்களை ஒவ்வொருவராகப் பக்கத்தில் நிற்க வைத்து, அமுக்கிக் காட்டி விளக்கமாகச் சொன்னாள். அவர்கள் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

உப்பளத்துப் பெண்கள் காலையில் பாத்தியில் இருந்தார்கள். மதியம் அவர்கள் வந்தபோது பிரியதர்ஷினிக்குத் தொண்டை காய்ந்திருந்தது. சொல்லியாகிவிட்டது என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டாள்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்தவள் அம்சவல்லி. வரிசையில் கொளஞ்சிக்கு அடுத்து நடப்பவள், வாய்த்துடுக்கு. கொளஞ்சி வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள். உப்பு வெயிலிலிருந்து நிழலுக்குள் வந்தால் கொஞ்ச நேரம் கண் இருட்டிக்கொண்டு வரும். அது எல்லாருக்கும் உள்ளதுதான். கண்ணை மூடி, பிறகு மெதுவாகத் திறப்பது வழக்கம். கொளஞ்சி மூடித் திறந்தாள். கூடம் தெரிந்தது. மேசை தெரிந்தது. அம்சவல்லியின் மூக்குத்தி கூடத் தெரிந்தது. திரை மட்டும் சாம்பல் பூசின தகரம் போல இருந்தது.

மறுபடி மூடித் திறந்தாள். சாம்பல்தான். அம்சவல்லியோ விரலை இங்கே வைத்து, அங்கே வைத்து, "இது ரெண்டு வருசமா இருக்குது மேடம்" என்று சரளமாகப் பேசிக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்தவள் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. கொளஞ்சிக்கு எட்டிப் பார்க்கத் தெம்பும் இல்லை. கைகளை மடியில் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்கிறவள் போலவே உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் புருசன் குதித்தது நினைவுக்கு வந்தது. பெட்டிப் படம்தான் முதலில் போகும்.

அதற்குப் பிறகு அவள் தூங்கினாளா என்று கேட்டால், தூங்கினாள். உப்பளத்தில் உழைக்கிறவர்களுக்குக் கவலை தூக்கத்தைக் கெடுப்பதில்லை. விழித்தவுடன் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடியலில் வரப்பில் நின்று ஒரு கண்ணைப் பொத்தி ஒரு கண்ணால் பார்த்தாள். தூரத்து உப்பு அம்பாரம் கூர்மையாகத் தெரிந்தது. செல்லப்பனுக்கும் அப்போது எல்லாம் தெரிந்துகொண்டுதானே இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். கால் வைக்குமுன் யோசிக்க ஆரம்பித்தாள். யோசித்து வைத்த கால் தடுமாறியது. வழுக்கு இல்லாத இடத்தில் "வழுக்கு" என்றாள். பின்னால் வந்தவர்கள் வாங்கிச் சொன்னார்கள்.

கூடத்தில் அவள் முறை வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து படத்தைத் தொடச் சொன்னால் எதைத் தொடுவது? அன்று அவளுக்குப் பதில் அந்தோணியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வரிசையில் மூன்றாவதாக நடக்கும், உரத்த குரல்காரி. துணைக்கு அம்சவல்லி போனாள். மறுநாள் வேறொருத்திக்கு அந்தோணியம்மாள் துணை போனாள்.

ஒரு வாரம் போயிருக்கும். கொளஞ்சி மேஸ்திரி தனக்கோடியிடம் போய் நின்றாள்.

"மேஸ்திரி, நான் இனிமே பின்னாடி வர்றேன். முன்னாடி அம்சவல்லிய வுடுங்க."

தனக்கோடி வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அம்சவல்லியைப் பார்த்தார். முன்னால் நடக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். "எனக்கு வேணாங்க, முட்டி வலி" என்றாள் அவள்.

"பின்னாடி போனா முட்டி வலிக்காதா?"

அம்சவல்லி குனிந்து முட்டியைத் தடவினாள். தனக்கோடி அந்தோணியம்மாளைக் கூப்பிட்டார். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, குரல் கட்டிப்போச்சு, முன்னால் நடந்தால் கூவ முடியாது என்றாள்.

"இந்தத் தொண்டையா கட்டிப்போச்சு? நீ பேசுறது திண்டிவனத்துக்குக் கேக்குது" என்றார் தனக்கோடி. "ஏம்மா, ஆளாளுக்குப் பின்னாடி நிப்பேன்னா, வரிசைய நான் வால்லேந்து ஓட்டவா? கொளஞ்சி, வாய மூடிக்கிட்டு முன்னாடி நட."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூடையைத் தூக்கினார்கள்.

பின்னால் போக முடியாது என்று ஆனதும் கொளஞ்சிக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கூடை பிடுங்கப்படுவதற்கு முன் மகளை வரிசையில் நுழைத்துவிட வேண்டும். பிடுங்கிய பின்பு கேட்டால் இடம் இருக்காது. தனக்கோடியிடம் சொல்லி, லீவு நாளில் சும்மா இருக்கிற பெண், பழகட்டும் என்று செந்தமிழை வாலில் சேர்த்துவிட்டாள். செந்தமிழ் ஏன் என்று கேட்டாள். கொளஞ்சி பதிலுக்குச் சும்மாட்டுத் துணியை அவளிடம் நீட்டினாள். இரண்டாவது தடவை அவள் கேட்கவில்லை.

படிக்கப் போக வேண்டிய பெண்ணின் பாதம் முதல் நாளே வெடித்தது. சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, உள்ளே செல்லப்பன் சோற்றுப் பானையைத் துணியால் பிடித்து இறக்கி வைத்துவிட்டு, கொளஞ்சி வந்து உட்காரும் வரை காத்திருந்தான்.

"எதுக்கு அவள இழுத்துட்டுப் போற?" என்றான்.

"சும்மாதான் இருக்குறா."

"நீ வாசப்படிய கால்ல தடவிப் பாத்து ஏறுற. கொஞ்ச நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நானும் அப்படித்தான் ஏறுனேன்."

கொளஞ்சி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

"பெட்டியில வெள்ளையாத் தெரிஞ்சுதா?"

"வெள்ளையா இல்ல. சாம்பலா."

செல்லப்பன் கையால் துழாவி அவள் தட்டைப் பிடித்தான். பிறகு சோற்றைத் தடவிப் பார்த்துக் குழம்பை ஊற்றினான். யாரிடமும் சொல்லாதே என்றான். எவ்வளவு நாள் ஓடுமோ அவ்வளவு நாள் ஓடட்டும், நானும் அப்படித்தான் ஓட்டினேன் என்றான். அவன் ஓட்டியதில்தான் நாள் கடந்துபோனது என்பது இருவருக்கும் தெரியும். வாசலில் மகள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

மறுவாரம் ஒரு காலையில் அது நடந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. வரப்பின் மேல் ஏதோ நிழல் விழுந்தது போல இருக்கவே, கொளஞ்சி "உடைப்பு" என்று குரல் கொடுத்தாள். அங்கே உடைப்பு எதுவும் இல்லை, பறந்துபோன கொக்கின் நிழல். பழகியவர்கள் கால் வைக்கும்போதே இல்லை என்று உணர்ந்து சமாளித்துக்கொண்டார்கள். வாலில் வந்த செந்தமிழ் சொன்ன சொல்லை நம்பிக் காலை எட்டி வைத்தாள். ஈர வரப்பு வழுக்கியது. கூடையோடு பாத்திக்குள் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே உப்புக் கல் கீறி நீளமாக ரத்தம் வந்தது. உப்புத் தண்ணீர் பட்டதும் அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையூன்றி எழுந்தாள். கூடையை இறக்கி வைத்துத் திரும்பி வந்து அந்த உதட்டைப் பார்த்த பிறகு கொளஞ்சிக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. மகளை வீட்டுக்கு அனுப்பினாள். மதியம் அம்சவல்லியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு நடந்தாள்.

பிரியதர்ஷினி அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எல்லாருக்கும் துணைக்கு வந்தவர், தன் முறைக்கு மட்டும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அம்சவல்லி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அன்று வழக்கத்துக்கு மாறாக ஊமையாக இருந்தாள். கொளஞ்சி தரையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு எப்படியும் பார்க்கத்தானே வேண்டும் என்று தலையைத் தூக்கினாள்.

திரை பளிச்சென்று இருந்தது. தலை, வயிறு, முதுகு, கண். கண்ணின் இமை மயிர் கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"எங்கேம்மா தொந்தரவு?" என்று பின்னாலிருந்து பிரியதர்ஷினி கேட்டாள்.

கொளஞ்சி வந்த காரியத்தை மறக்கவில்லை. விரலைக் கண் படத்தின் மேல் வைத்தாள். "கண்ணு தெரியல மேடம்."

"சுத்தமா தெரியலயா?"

"இந்தப் பெட்டியில வர்ற படம் தெரியல."

"இப்ப என்னா படத்தத் தொட்டிருக்கீங்க?"

"கண்ணு."

"தெரியாமலா தொட்டீங்க?"

கொளஞ்சி தன் விரலையும் படத்தையும் பார்த்தாள். அப்போது பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னக் குரல், அம்சவல்லியுடையது என்று நம்ப முடியாத குரல்.

"அக்கா, உனக்கு அது தெரியுதா? எனக்குத் தெரியலக்கா. அந்தோணிக்குத் துணைக்கு வந்தேனே, அன்னையிலேந்து தெரியல."

பிரியதர்ஷினி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். குனிந்து ஓரத்திலிருந்த பொத்தானை அமுக்கினாள். படம் தெரிந்ததும் பெஞ்சில் இருந்த அம்சவல்லி துள்ளி எழுந்தாள். மறுபடி அமுக்கினாள். படம் போய்விட, எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். பிரியதர்ஷினி கொளஞ்சியை எழுப்பி பெஞ்சில் உட்காரவைத்து அவளுக்கும் அமுக்கிக் காட்டினாள். சாம்பல், படம், சாம்பல், படம்.

என் தப்பு, அன்றைக்குக் காலையில் குப்பத்துப் பெண்களிடம் சொன்னதை மதியம் வந்தவர்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று பிரியதர்ஷினி சொன்னாள். பிறகு அந்தப் பெட்டியின் சங்கதியைச் சொன்னாள். திரை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடி. நடுவில் தண்ணீரும் இல்லாமல் கல்லும் இல்லாமல் ஒரு பொருள். திரவப் படிகம் என்று அதற்குப் பெயர். மின்சாரம் பாய்ந்தால் அதற்குள் இருக்கும் துணுக்குகள் சாய்ந்து படுக்கும், நிமிர்ந்து நிற்கும், அதற்கேற்ப வெளிச்சம் வழி மாறும். படம் காட்ட ஓர் அடுக்கு. இந்தப் பெட்டியில் அதற்கு மேல் இன்னோர் அடுக்கு. அதன் வேலை பக்கவாட்டில் போகிற வெளிச்சத்தை மறிப்பது மட்டும்தான். அமுக்கினால் மறிக்கும், மறுபடி அமுக்கினால் விடும்.

"நம்ம பாத்தித் தண்ணி மாதிரிதான்" என்றாள் அம்சவல்லி. அவள் வாய் திரும்பி வந்துவிட்டது. "மேல நின்னு பாத்தா அடி உப்பு தெரியும். தள்ளி நின்னு பாத்தா வெறும் வானம்தான் பளபளன்னு தெரியும். அதுக்குப் போயி நான் மாதாவுக்கு மெழுகுவத்தி வேண்டிக்கிட்டேன். அந்தோணிதான் கூட்டிட்டுப் போனா."

"அவ எதுக்குப் போனா?" என்று கேட்ட கொளஞ்சி, கேட்டு முடிக்கும்போதே விடை தெரிந்துபோய்ச் சிரித்துவிட்டாள். அந்தோணியம்மாளுக்குத் தொண்டை கட்டியது எதனால் என்று இப்போது புரிந்தது. வரப்பில் முன்னால் நடக்க வேண்டியவர்கள் மூன்று பேரும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து, அவரவர் கண் போய்விட்டது என்று ஒருத்திக்கொருத்தி மறைத்துக்கொண்டு, ஒரே வரப்பில் சுமையோடு நடந்திருக்கிறார்கள். சிரிப்பு நீளவில்லை. செந்தமிழின் கால் நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

இனிமேல் உப்பளத்துப் பெண்கள் வரும்போது பொத்தானை அமுக்காமலே விட்டுவிடுகிறேன், துணைக்கு வருபவரும் பார்க்கட்டும் என்று பிரியதர்ஷினி சொன்னாள்.

கொளஞ்சி சாத்திக்கிடந்த ஜன்னலைப் பார்த்தாள். காலையில் வரப்பில் பார்த்தபோது சுலோசனாவின் கன்னத்தில் வீக்கம் வடிந்து மஞ்சளாக ஆகியிருந்தது.

"வேணாம் மேடம். மூடியே இருக்கட்டும்" என்றாள். "சொல்றவளுக்குத் தெரிஞ்சா போதும். துணைக்கு வந்தவ அவ மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா."

பிரியதர்ஷினி அவளை விடவில்லை. உப்பு வெயிலில் இத்தனை வருசம் நின்ற கண்ணை ஒருதரம் டாக்டரிடம் காட்டுவது நல்லது, புதுச்சேரிக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றாள். கொளஞ்சி சரி என்றாள். மழை தொடங்கி உப்பளம் மூடிய பிறகு வருகிறேன் என்றாள். அதற்கு முன் ஒரு நாள் லீவு எடுத்தாலும் கூலி போய்விடும்.

வீட்டுக்குப் போகும் வழியில், கால்வாய்க் கரையில் கொளஞ்சி உட்கார்ந்துவிட்டாள். அம்சவல்லி என்னாச்சு என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, கால் வரவில்லை என்றாள். இத்தனை நாளும் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது. இறங்கினதும் உடம்பு லேசாகும் என்று பார்த்தால், அதுவரை தெரியாத அலுப்பெல்லாம் ஒன்றுசேர்ந்து தெரிந்தது. எதிரே பாத்திகள் வெயிலில் கண்ணைக் குத்தின. இந்த வருசம் கண் போகவில்லை, அவ்வளவுதான். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் செல்லப்பன் முழுக் கதையையும் கேட்டான். பொத்தானைப் பற்றி இரண்டு தடவை சொல்ல வைத்தான். எந்த இடத்தில் இருக்குது, எவ்வளவு பெரிசு என்றெல்லாம் விசாரித்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டான்.

"எனக்கும் எங்கனா அப்படி ஒரு பொத்தான் இருக்குதான்னு அந்தப் பொண்ணக் கேட்டியா?"

"கேக்கலங்க."

"வுடு. அமுக்கி அமுக்கித் தேஞ்சிருக்கும்" என்றான். அவனே சிரித்துக்கொண்டான். கொளஞ்சி அவன் கையிலிருந்த முறத்தை வாங்கி அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். வழக்கமாக அதை அவன் தடவிப் பொறுக்குவான், சோற்றில் கல் கடிபடும், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

செந்தமிழ் காலில் துணி சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவாய் என்று கேட்டாள்.

"நீ வர வேணாம்" என்றாள் கொளஞ்சி. "கால் ஆறட்டும். செருப்பு போட்டுக்கிட்டுப் போற எடத்துக்குப் போவணுமில்ல."

செந்தமிழ் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அவள் தோள் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

மறுநாள் வெளுக்கத் தொடங்கும்போதே கூடைகள் ஏறிவிட்டன. தனக்கோடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்சவல்லிக்கு முட்டி வலி இல்லை. அந்தோணியம்மாளின் தொண்டை வரப்பைத் தாண்டிக் கேட்டது, தன் மெழுகுவர்த்தியை மாதாவிடம் திரும்பக் கேட்கப்போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொளஞ்சி முன்னால் நடந்தாள். பெரிய பாத்தியைத் தாண்டியதும் இரவில் தண்ணீர் அறுத்துக்கொண்டு போன இடம் கறுப்பாகத் தெரிந்தது. இந்தத் தடவை அது நிழல் இல்லை.

"உடைப்பு" என்றாள்.

அம்சவல்லி வாங்கிச் சொன்னாள். அந்தோணியம்மாள் சொன்னாள். சொல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கொளஞ்சி எட்டி வைத்து நடந்தபடி அதைக் காதால் பின்தொடர்ந்தாள். கடைசியாகக் கேட்டது சுலோசனாவின் மெல்லிய குரல். அதற்கு அப்பால், செந்தமிழ் நடந்த இடத்தில், எந்தக் குரலும் இல்லை. கொளஞ்சி கூடையை ஒரு கையால் சரிசெய்துகொண்டு அம்பாரத்தை நோக்கி நடந்தாள்.